லெத்தோரே: இத்தாலியப் பல்கலைக்கழகக் கற்பித்தல் ஒப்பந்தத்தை ஆங்கிலமாக்குதல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இத்தாலியப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர் வேறு நாட்டில் வேலைக்கு விண்ணப்பித்தால், தம் பழைய ஒப்பந்தங்களை ஆங்கிலத்தில் தரவேண்டி வரும். அவற்றைப் படிக்கும் அலுவலர் இத்தாலியச் சட்டம் அறிந்தவராக இருக்க வாய்ப்பு குறைவு. பதவிப் பெயர், காலம், மணிநேரம், ஊதியம் ஆகிய நான்கை மட்டும் பார்ப்பார். அனுபவ ஆண்டுகள், சம்பளப் படி, சில சமயம் விசா வகை என எல்லாவற்றையும் அந்த நான்கை வைத்தே முடிவு செய்துவிடுவார். ஆகவே இந்த ஆவணத்தில் ஒரு பதவிப் பெயரைத் தவறாக எழுதினால் அது நடைக்குறையோடு நிற்பதில்லை. ஒருவருடைய பிழைப்பையே தொடுகிறது.

இதை விளக்க, இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் அயல்மொழிப் பயிற்சி வகுப்பு எடுத்தவர்களுக்கு இருந்த லெத்தோரே என்ற ஒரே பதவியை எடுத்துக்கொள்கிறேன். பல பத்தாண்டுகளாக நீதிமன்றங்களில் அலசப்பட்ட பதவி இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமான ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்திலும் வெளிவருவதால், அங்குள்ள தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொல்லை எப்படிக் கையாண்டார்கள் என்பதும் யாரும் படிக்கத்தக்க ஆவணமாக இருக்கிறது. பெயர் மாறியபோது உரிமை எப்படி மாறியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொரு வழக்கு எனக்குத் தெரியாது.

பதவி பிறந்த பிரிவு

1980 ஜூலை 11 தேதியிட்ட 382-ஆம் எண் குடியரசுத் தலைவர் ஆணை, இத்தாலியப் பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைப் புதிதாக வகுத்தது. முழுப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், ஆய்வாளர் என்ற படிநிலை அதில்தான் உருப்பெற்றது. அந்தப் படிநிலைக்கு வெளியே, அதே ஆணையின் 28-ஆம் பிரிவில் லெத்தோரே வருகிறார். மொழிப் பாடம் பயிலும் மாணவர்களின் பயிற்சி வகுப்புகளுக்காக, அயல்மொழி ஒன்றைத் தாய்மொழியாகக் கொண்ட தகுதியுள்ளவர்களை ஒப்பந்தத்தில் நியமிக்க, பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டருக்கு அந்தப் பிரிவு அதிகாரம் தந்தது. ஒப்பந்தம் அந்தக் கல்வியாண்டோடு முடியும். ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம், ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கூடாது.

லெத்தோரே என்றால் அகராதிப் பொருளில் வாசிப்பவர். அதைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் ரீடர் என்று எழுதத் தோன்றும். பிரிட்டனில் ரீடர் என்பது பேராசிரியருக்கு நேர் கீழே, ஆய்வுச் சாதனைக்காக வழங்கப்பட்டுவந்த உயர் பதவி. இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் லெக்சரர், ரீடர், புரொபசர் என்ற வரிசை நெடுங்காலம் இருந்ததால், மூத்த தமிழ் வாசகர்களுக்கும் அதன் எடை தெரியும். ஓராண்டு ஒப்பந்தத்தில் பயிற்சி வகுப்பு எடுப்பவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால், விவரமறிந்த அலுவலர் ஆவணத்தையே சந்தேகிப்பார்.

லெக்சரர் என்று எழுதினால் சிக்கல் வேறுவிதம். பிரிட்டனில் லெக்சரர் என்பவர் பொதுவாக நிலையான பணியில் இருக்கும், கற்பித்தலும் ஆய்வும் சேர்ந்த கடமையுள்ள ஆசிரியர். அமெரிக்காவிலோ அதே சொல் பெரும்பாலும் நிரந்தரப் பணிக்கான பாதையில் இல்லாத, கற்பித்தலுக்கு மட்டும் அமர்த்தப்பட்டவரைக் குறிக்கும். ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோமே, எந்த ஆங்கிலத்துக்கு என்று கேட்காமல் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது. அசிஸ்டென்ட் என்றால் அடுத்த எல்லை: வேறொருவர் நடத்தும் வகுப்பில் உடனிருந்து உதவுபவர் என்ற எண்ணத்தைத் தரும்.

அதே பிரிவில் இன்னும் இரண்டு தொடர்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, ஒப்பந்தம் 'திரித்தோ ப்ரிவாத்தோ'வின்படி அமைவது. இதைப் பிரைவேட் கான்ட்ராக்ட் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அதைப் படிப்பவர், தனியார் கல்லூரி என்றோ, இருவருக்குள் இரகசியமாகச் செய்துகொண்ட ஏற்பாடு என்றோ எண்ணுவார். சொல்லவந்தது வேறு. இத்தாலியில் நிலையான பணியில் உள்ள பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் பொதுச் சட்டத்தின்கீழ், தங்களுக்கென்று அமைந்த விதிகளால் ஆளப்படுகிறார்கள். அரசு ஊழியர் பலரின் பணி ஒப்பந்த முறைக்கு மாற்றப்பட்ட பிறகும், 2001-ஆம் ஆண்டின் 165-ஆம் எண் சட்ட ஆணை அவர்களைத் தனியாகவே விட்டுவைத்தது. லெத்தோரே அந்த வளையத்துக்குள் இல்லை என்பதைத்தான் அந்தத் தொடர் சொல்கிறது. தனியார் சட்டத்தால் ஆளப்படும் ஒப்பந்தம் என்று விரித்து எழுதினால்தான் அது விளங்கும்.

மற்றொன்று 'மாத்ரே லிங்குவா ஸ்த்ரனியேரா'. அயல்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்று பொருள். அயல்நாட்டுக் குடிமகன் என்று பொருளல்ல. அயல்நாட்டு விரிவுரையாளர் என்று சுருக்கிவிட்டால் மொழி போய்க் குடியுரிமை வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த வேறுபாட்டின்மேல்தான் ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1989 தீர்ப்பே நிற்கிறது.

வெனிஸிலிருந்து லக்சம்பர்குக்கு

வெனிஸ் நகரின் கா ஃபோஸ்கரி பல்கலைக்கழகத்தில் லெத்தோரேயாக இருந்த பிலார் அல்யுவே என்ற ஸ்பானியரும் அவருடைய பிரிட்டிஷ் சகா ஒருவரும் ஐந்து ஆண்டு வரம்பை எதிர்த்து வழக்கிட்டார்கள். அது லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தில் 33/88 என்ற எண் பெற்று, 1989 மே 30 அன்று தீர்ப்பானது.

இத்தாலியின் சட்டம் எங்கும் வெளிநாட்டவர் என்று சொல்லவில்லை. ஆகவே குடியுரிமையைக் காரணம் காட்டி நேரடியாகப் பாகுபாடு செய்தது என்று குற்றம் சாட்ட வழியில்லை. நீதிமன்றம் எண்ணிக்கையைப் பார்த்தது. லெத்தோரிகளில் (லெத்தோரே என்பதன் பன்மை லெத்தோரி) இத்தாலியக் குடிமக்கள் 25 சதவீதம் மட்டுமே. எனவே அந்தப் பதவிக்கு மட்டும் விதிக்கப்பட்ட கால வரம்பு, நடைமுறையில் பிற உறுப்பு நாட்டவரின் தலையில்தான் விழுகிறது. இப்படி மறைமுகப் பாகுபாடு என்ற வழியாகத்தான் தீர்ப்பு, தொழிலாளர் தடையின்றி இடம்பெயர்ந்து வேலை செய்யும் உரிமைக்கு வந்து சேர்ந்தது. 28-ஆம் பிரிவை அயல்நாட்டு விரிவுரையாளர் என்று மொழிபெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பைப் படித்தால், நீதிபதிகள் ஏன் 25 சதவீதத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதே புரியாது. இத்தாலியக் குடிமகனான லெத்தோரே என்ற மனிதர் அந்த மொழிபெயர்ப்பில் இல்லாமலே போய்விடுகிறார்.

தீர்ப்பின் ஆங்கிலப் பிரதி தேர்ந்த சொல், ஃபாரின் லாங்குவேஜ் அசிஸ்டென்ட். இதில் ஃபாரின் என்ற சொல் மொழியோடு ஒட்டி நிற்கிறது, ஆளோடு ஒட்டவில்லை. அந்த வகையில் மிகச் சரியான தேர்வு. ஆனால் அசிஸ்டென்ட் என்ற பாதி, பதவியைத் தாழ்த்திக் காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பிற்காலத்தில் வெளியிட்ட செய்தி அறிக்கைகள் ஃபாரின் லெக்சரர் என்கின்றன, பக்கத்திலேயே லெத்தோரி என்ற இத்தாலியச் சொல்லையும் வைக்கின்றன. லெத்தோரிகளின் சார்பில் போராடிய சங்கமும் ஆங்கிலத்தில் தன்னை விரிவுரையாளர் சங்கம் என்றே அழைத்துக்கொண்டது. பதவியின் எடையில் இது நியாயமாக இருக்கலாம், மொழி என்ற அடிப்படையை இழந்துவிடுகிறது. ஒரே மனிதர்கள், ஒரே வேலை. நீதிமன்றத்தின் ஆங்கிலத்தில் உதவியாளர், ஆணையத்தின் ஆங்கிலத்தில் விரிவுரையாளர்.

தீர்ப்புக்குப் பிறகும் சில பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டு வரம்பை மட்டும் விட்டுவிட்டு, ஓராண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தன. மீண்டும் அல்யுவேயின் பெயரிலேயே வழக்கு போனது. 1993 ஆகஸ்ட் 2 அன்று, பிற தொழிலாளர்களுக்கு அப்படியொரு வரம்பு பொதுவாக இல்லாதபோது லெத்தோரிக்கு மட்டும் ஆண்டு வரம்பு வைப்பதும் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது.

பெயரை மாற்றிய சட்டம்

இதற்கு இத்தாலி கண்ட வழி பெயர் மாற்றம். 1995-இன் 120-ஆம் எண் அவசர ஆணை, அதே ஆண்டு ஜூனில் 236-ஆம் எண் சட்டமாக மாறி, லெத்தோரே என்ற பதவியை நீக்கியது. அந்த இடத்தில் கொல்லபொராத்தோரே எத் எஸ்பெர்த்தோ லிங்குவிஸ்திக்கோ என்ற நீண்ட பெயர் வந்தது. இத்தாலியில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து செல் என்பார்கள். காலவரையற்ற வேலை கிடைத்தது உண்மை. ஆனால் இவர்களுடைய பணி நிபந்தனைகள் பல்கலைக்கழகத்தின் ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கான தேசியக் கூட்டு ஒப்பந்தத்துக்குள் வைக்கப்பட்டன. வகுப்பறையும் மாணவர்களும் மாறவில்லை. அலுவலகக் கோப்பில் ஆசிரியர் என்ற அடையாளம் மட்டும் அழிந்தது.

கொல்லபொராத்தோரே என்ற சொல்லின் தரத்தை உணர, இத்தாலியப் பள்ளிக்குள் போனால் போதும். அங்கே கொல்லபொராத்தோரே ஸ்கொலாஸ்திக்கோ என்பவர் வாசலைத் திறந்து, வகுப்பறையைச் சுத்தம் செய்து, நடைக்கூடத்தில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர். எந்த உழைப்பும் தாழ்ந்ததில்லை, அவருடைய உழைப்பும் மதிப்புக்குரியதே. ஆனால் நிர்வாக மொழியில் அந்தச் சொல் கற்பிப்பவரைக் குறிப்பதில்லை, துணைப் பணியாளரைக் குறிக்கிறது. இத்தாலியக் காதுக்கு இது உடனே விளங்கும். ஐரோப்பிய நீதிமன்றத்தின் ஆங்கிலப் பிரதியில் இது அசோசியேட் என்று ஆனது. அமெரிக்கக் கல்வித்துறையில் வளர்ந்தவருக்கு அசோசியேட் என்றதும் இணைப் பேராசிரியரே நினைவுக்கு வருவார். ஆசிரியர் தரத்திலிருந்து இறக்கிய சொல், கடல் தாண்டியதும் ஏற்றிவிட்ட சொல்லாகிவிட்டது. அந்தத் தேர்வை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பிரதியில் லெத்தோரேயை அசிஸ்டென்ட் என்று ஏற்கெனவே எழுதிவிட்ட பிறகு, அடுத்த பெயருக்கு மிச்சமிருந்த சொற்கள் குறைவு. தொடக்கத்தில் செய்த ஒரு தேர்வு பின்னால் வரும் எல்லாத் தேர்வுகளையும் எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பெயர் மாறியதால் பணத்தில் என்ன நேர்ந்தது? புதிய பதவி என்றால் புதிய ஒப்பந்தம், புதிய ஒப்பந்தம் என்றால் பணிமூப்பு முதலிலிருந்து. 1980-களில் வேலையில் சேர்ந்தவர் பத்து ஆண்டு உழைப்பை இழந்து நின்றார். இத்தாலியின் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தற்காலிக ஒப்பந்தம் நிரந்தரமாக மாறும்போது சாதாரணத் தொழிலாளிக்கு முதல் நாளிலிருந்து வந்த உரிமைகள் தொடரும். லெத்தோரிக்கு அது மறுக்கப்பட்டது. ஐரோப்பிய ஆணையம் தொடுத்த வழக்கில் 2001 ஜூன் 26 அன்று இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. பஸிலிக்காத்தா, மிலான், பலேர்மோ, பீசா, ரோமின் லா சபியென்ஸா, நேப்பிள்ஸின் லோரியென்தாலே ஆகிய ஆறு பல்கலைக்கழகங்கள் அதில் சம்பந்தப்பட்டிருந்தன.

எல்லா வழக்கும் லெத்தோரிகளுக்குச் சாதகமாக முடியவில்லை. வெரோனாவில் பணியாற்றிய டேவிட் பெட்ரியும் மற்றவர்களும், காலியாக உள்ள பாடங்களைத் தற்காலிகமாக நடத்தத் தங்களையும் விண்ணப்பிக்க விடவேண்டும் என்று கேட்டார்கள். அந்த வாய்ப்பு நிலையான பேராசிரியர்களுக்கும் பணி உறுதிசெய்யப்பட்ட ஆய்வாளர்களுக்கும் மட்டும் என்று இருந்தது. 1997 நவம்பர் 20 அன்று, இந்தக் கட்டுப்பாடு ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. லெத்தோரேயை ஆங்கிலத்தில் லெக்சரர் என்று தாராளமாக எழுத நினைப்பவர் இந்தத் தீர்ப்பை மனத்தில் வைக்க வேண்டும். பாடம் நடத்தும் லெக்சரர் ஒருவர், ஒரு பாடத்தை நடத்த விண்ணப்பிக்கவே தகுதியற்றவர் என்று எழுத நேரும். ஆங்கில வாசகருக்கு அது பொருளற்ற வாக்கியம். சட்டத்தில் இருக்கும் பிளவை மொழிபெயர்ப்பு பூசி மறைத்தால், பிறகு வரும் உட்பிரிவுகள் ஒன்றோடொன்று முரண்படத் தொடங்கும்.

தெஃபினீத்தோவும் தெதெர்மினாத்தோவும்

2001 தீர்ப்புக்கு இணங்க இத்தாலி 2004-இல் ஒரு சட்டம் இயற்றியது. அந்த ஆறு பல்கலைக்கழகங்களின் முன்னாள் லெத்தோரிகளுக்கு, முதல் நியமன நாளிலிருந்து, ஆண்டுக்கு 500 மணிநேரம் முழுப் பணி என்ற கணக்கில், 'ரிச்செர்க்கத்தோரே கொன்ஃபெர்மாத்தோ அ தெம்போ தெஃபினீத்தோ' என்ற வகை ஆய்வாளருக்குச் சமமான ஊதியம் என்றது அது. 2006 ஜூலை 18 தீர்ப்பில் நீதிமன்றம் இந்தச் சட்டத்தைக் கணக்கில் கொண்டு, இத்தாலி உரிய காலத்தில் கடமையைச் செய்யவில்லை என்று கண்டபோதிலும் அபராதம் விதிக்கவில்லை. ஆகவே அந்த ஐந்து சொற்களின்மேல் பல பேருடைய ஊதியம் நிற்கிறது. இந்தத் துறையிலேயே மிக அபாயமான தொடர் இதுதான் என்பது என் எண்ணம்.

தெம்போ தெஃபினீத்தோவைப் பார்த்தவுடன் குறிப்பிட்ட காலத்துக்கான வேலை என்று தோன்றும். அது தவறு. குறிப்பிட்ட காலத்துக்கான வேலைக்கு இத்தாலியில் தெம்போ தெதெர்மினாத்தோ என்று பெயர். தெஃபினீத்தோ என்பது ஒருவர் பல்கலைக்கழகத்துக்குத் தரும் நேரத்தின் அளவு பற்றியது. நிலையான பணியில் இருக்கும் ஆசிரியரே தெம்போ பியேனோ என்ற முழுநேர ஒழுங்கையோ தெஃபினீத்தோ என்ற குறைநேர ஒழுங்கையோ தேர்ந்துகொள்வார். குறைநேர ஒழுங்கில் இருப்பவர் வெளியே வழக்கறிஞராகவோ கட்டடக் கலைஞராகவோ தொழில் நடத்தலாம், அதற்குப் பதிலாக ரெக்டர், துறைத் தலைவர் போன்ற பொறுப்புகளை ஏற்க முடியாது. 2010-இன் 240-ஆம் எண் சட்டம் ஊதியக் கணக்குக்காக முழுநேரத்தை ஆண்டுக்கு 1,500 மணிநேரம் என்றும் குறைநேரத்தை 750 என்றும் வைத்திருக்கிறது. பேராசிரியர்கள் கற்பித்தலுக்கும் மாணவர் பணிக்கும் தரவேண்டியது முறையே குறைந்தது 350, 250 மணிநேரம்.

இதை ஆங்கிலத்தில் பிக்ஸ்ட் டெர்ம் என்று எழுதினால், வாழ்நாள் பணியில் இருக்கும் ஆய்வாளர் தற்காலிக ஊழியராகிவிடுவார். லெத்தோரிகளுக்குச் சட்டம் தந்த ஊதிய அளவுகோலும் அதோடு சேர்ந்து சரியும். பார்ட் டைம் என்பது நெருங்கி வருகிறது, ஆனாலும் போதாது. பாதி நாள் வந்துபோகும் ஊழியர் என்ற எண்ணம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளித்தொழிலுக்கு அனுமதி தரும் குறைநேர ஒழுங்கு என்று முதல் முறை விரித்து எழுதி, பிறகு சுருங்கிய பெயரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. கொன்ஃபெர்மாத்தோவும் அப்படித்தான். மூன்று ஆண்டுப் பணிக்குப் பிறகு மதிப்பீட்டில் தேறிப் பணி உறுதியானவர் என்று பொருள். கன்ஃபர்ம்ட் ரிசர்ச்சர் என்ற நேர்ச்சொல் ஆங்கிலக் காதில் எதையும் சொல்வதில்லை.

இந்த ஒப்பந்தங்களின் இன்றைய உறவினர்

லெத்தோரேயின் கதையை இவ்வளவு சொன்னதற்குக் காரணம், அதே பிளவு இன்றைய ஒப்பந்தங்களிலும் ஓடுகிறது. இப்போது மொழிபெயர்ப்புக்கு அதிகம் வருவது 'ப்ரொஃபெஸ்ஸோரே அ கொன்த்ராத்தோ'வின் ஒப்பந்தம். 2010 சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. பல்கலைக்கழகம் வெளியிலிருந்து ஒரு வல்லுநரையோ ஆசிரியரையோ ஒரு பாடத்துக்கு மட்டும் அமர்த்திக்கொள்கிறது. அப்பிரிவின் நான்காம் பத்தி, இத்தகைய ஒப்பந்தம் பல்கலைக்கழக 'ருவோலி'யில் (ருவோலோவின் பன்மை) நுழைவதற்கு எந்த உரிமையும் தராது என்கிறது. எல்லா ஒப்பந்தங்களிலும் இந்த வாசகம் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். ருவோலோ என்ற சொல்லை ரோல் என்று எழுதி, பல்கலைக்கழகப் பொறுப்புகளை ஏற்க உரிமை இல்லை என்று படிக்கும்படி விட்டுவிடுகிறார்கள். இங்கே ருவோலோ நிரந்தர ஆசிரியர்களின் பணிப்பட்டியல். நிரந்தரப் பணியிடம் கோர இந்த ஒப்பந்தம் உரிமை தராது என்பதே சொல்லவந்தது. தொண்ணூறுகளில் லெத்தோரிகள் நீதிமன்றத்தில் வென்ற வகையான உரிமைக் கோரிக்கை இன்னொரு முறை எழாமலிருக்கப் போட்ட வேலியாகத்தான் இதை நான் படிக்கிறேன். அதனால் இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் எந்தச் சுருக்கமும் செய்யமாட்டேன்.

பதவிப் பெயருக்கு வருவோம். பல இத்தாலியப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆங்கிலப் பக்கங்களில் அட்ஜங்க்ட் புரொபசர் என்றே எழுதுகின்றன. அமெரிக்க வாசகருக்கு இது ஏறத்தாழப் பொருந்தும். பாடக் கணக்கில் கூலி, நிரந்தரப் பாதை இல்லை. ஆஸ்திரேலியாவில் அதே பெயர் பெரும்பாலும் ஊதியமற்ற கௌரவ நியமனம். பிரிட்டனில் அது பழக்கமான பதவியே அல்ல, அங்கே மணிநேர ஊதியத்தில் கற்பிப்பவர் என்றால்தான் விளங்கும். ஆவணம் போய்ச் சேரும் நாட்டை வாடிக்கையாளரிடம் கேட்காமல் இந்தப் பெயரை முடிவு செய்யவே கூடாது. எந்த நாடானாலும் இத்தாலியப் பெயரை முதலில் சாய்வெழுத்தில் வைத்து, விளக்கத்தைப் பக்கத்தில் தருகிறேன். வாடிக்கையாளர் சிலருக்கு இது பிடிப்பதில்லை. புரொபசர் என்ற சொல் முன்னால் வரட்டும் என்பார்கள். அந்த ஆசை புரிகிறது. பத்து ஆண்டு பாடம் நடத்தியவருக்கு அந்தச் சொல்லின்மேல் உரிமை இருக்கிறது, இத்தாலியில் மாணவர்கள் அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆனால் மொழிபெயர்ப்பாளருக்குப் பதவி உயர்வு கொடுக்கும் அதிகாரம் இல்லை. பறிக்கும் அதிகாரமும் இல்லை.

இதைவிட நுட்பமானது, இது வேலை ஒப்பந்தமா என்ற கேள்வி. 23-ஆம் பிரிவின்படி அமர்த்தப்படுபவர் பெரும்பாலும் சுயதொழில் அல்லது ஒருங்கிணைந்த தொடர் ஒத்துழைப்பு என்ற வகையில் வருகிறார். மாதச் சம்பள ஊழியர் என்ற வகையில் வருவதில்லை. ஆங்கிலத்தில் எம்பிளாய்மென்ட் கான்ட்ராக்ட் என்று தலைப்பிட்டால், இல்லாத ஒரு முதலாளி-ஊழியர் உறவை ஆவணம் உண்டாக்கிவிடும். செல் பதவியிலோ நிலைமை நேர்மாறு. அங்கே இருப்பது உண்மையான ஊழியர் உறவு. 'லவோரோ சுபோர்தினாத்தோ' என்ற தொடரைச் சபார்டினேட் வொர்க் என்று எழுதி, யாரோ ஒருவருக்குக் கீழ்ப்பட்ட எடுபிடி வேலை என்ற பொருள் வரச் செய்துவிடுகிறார்கள். அது ஊழியராக நியமனம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

பண உட்பிரிவுகளில், 2011 ஜூலை 21 தேதியிட்ட அமைச்சக ஆணை மணிநேர ஊதியத்தைக் குறைந்தது 25 யூரோ, கூடினால் 100 யூரோ என்று வைத்தது. ஒப்பந்தங்களில் இரண்டு தொடர்கள் அடுத்தடுத்து வரும். ஒன்று, நிர்வாகம் செலுத்தவேண்டிய சுமைகள் நீங்கலாக. இன்னொன்று, பெறுபவர் செலுத்தவேண்டிய சுமைகள் உட்பட. முதல் தொடரில் இத்தாலிய மூலத்தில் நெத்தோ என்ற சொல் இருப்பதால், அதை நெட் என்று எழுதி, கையில் வரும் தொகை என்று படிக்கவிட்டால் பெரும் பிழை. பல்கலைக்கழகம் தன் பங்குக்குக் கட்டும் காப்பீட்டுச் சந்தா அதில் சேரவில்லை என்றுதான் அர்த்தம். ஆசிரியரின் வரி இன்னும் பிடிக்கப்படவில்லை. அவரைப் பொறுத்தவரை அது கிராஸ் தொகை. 'தித்தோலோ ஒனெரோஸோ' என்றால் ஊதியம் உண்டு, 'தித்தோலோ க்ரத்துயீத்தோ' என்றால் இல்லை. சுமையான பதவி என்று யாரும் எழுதிவிடாமலிருந்தால் சரி.

மணிநேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் 30 மணிநேர 'திதாத்திக்கா ஃப்ரொன்தாலே' என்று இருந்தால், அது மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்தும் நேரம் மட்டுமே. தயாரிப்பு, தேர்வு நாட்கள், மாணவர் சந்திப்பு, ஆய்வேட்டு வழிகாட்டல் ஆகியவை அந்த எண்ணுக்குள் இல்லை, ஆனால் கடமைக்குள் உண்டு. ஊதியத்தை எல்லாம் உள்ளடங்கியது என்று ஒரு சொல்லால் முடித்துவிடுவார்கள். இத்தாலியத் தேர்வு முறையில் ஒரே பாடத்துக்கு ஆண்டில் பல முறை தேர்வு நடக்கும். அதன் பெயர் அப்பெல்லோ. அப்பீல் என்று எழுதி மேல்முறையீடாக்கிவிடக் கூடாது. வகுப்பறை நேரம் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், 30 மணிநேரத்தை மொத்த உழைப்பு என்று எண்ணும் அலுவலர் ஒருவருடைய ஓராண்டை ஒரு வார வேலையாகக் கணக்கிட்டுவிடுவார்.

ஒரே கோப்பில் மூன்று பெயர்கள்

லெத்தோரிகளின் வழக்கு 2006 தீர்ப்போடும் முடியவில்லை. 2010 சட்டத்தின் 26-ஆம் பிரிவு, 2004 சட்டத்துக்கு ஒரு குறுகிய விளக்கம் தந்து, நிலுவையில் இருந்த வழக்குகளை முடிந்தவையாக அறிவித்தது. 2017-இல் சமரசத் தீர்வுகளுக்காக ஆண்டுக்கு 87 இலட்சம் யூரோ அளவில் நிதி ஒதுக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் ஆணையம் புதிய நடவடிக்கையைத் தொடங்கி, 2023 ஜூலையில் இத்தாலியை மீண்டும் நீதிமன்றத்துக்கு அனுப்ப முடிவெடுத்தது. இந்தக் காலம் முழுவதும் ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருவது 'ரிக்கொஸ்த்ருட்ஸியோனே தெல்ல கர்ரியேரா'. ஆணையத்தின் ஆங்கிலத்திலும் கெரியர் ரீகன்ஸ்ட்ரக்ஷன் என்றே இடம்பிடித்துவிட்டது. வழக்கை அறியாதவர் இதைத் தொழில்வாழ்வைப் புதிதாகக் கட்டியெழுப்பும் ஆலோசனை என்று எண்ணக்கூடும். உண்மையில் இது கணக்கு வேலை. முதல் நியமன நாளிலிருந்து பணிமூப்பையும், அதன்வழி ஊதியம், நிலுவை, ஓய்வூதியப் பங்கு ஆகியவற்றையும் மீளக் கணக்கிட்டுத் தருதல். சட்ட ஆவணத்தில் அந்த நிலைபெற்ற ஆங்கிலத் தொடரை விடமுடியாது, ஆனால் அதை விளக்கும் ஒரு குறிப்பு இல்லாமல் அனுப்பவும் கூடாது.

எண்பதுகளில் சேர்ந்து ஓய்வு பெற்ற ஒரு லெத்தோரேயின் கோப்பில் மூன்று அடுக்கு இருக்கும். முதலில் லெத்தோரே என்ற ஓராண்டு ஒப்பந்தங்கள், பிறகு செல் நியமனம், கடைசியில் ஊதியத்தை ஆய்வாளருக்குச் சமமாக்கும் தீர்ப்போ சமரசப் பத்திரமோ. மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே பெயரால் எழுதினால் படிக்க எளிது. ஆனால் அப்படிச் செய்தால் 1995-இல் நடந்த இறக்கம் ஆவணத்திலிருந்து மறைந்துபோகும், அவர் எதற்காக வழக்கிட்டார் என்பதே தெரியாது. ஒவ்வோர் ஆவணத்திலும் அதனதன் இத்தாலியப் பெயரை அப்படியே வைத்து, முன்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக நான் எழுதுவது இவ்வளவே: இந்த மூன்று பெயர்களும் ஒரே நபர் ஒரே பல்கலைக்கழகத்தில் இடைவெளியின்றிச் செய்த பணியைக் குறிக்கின்றன, பெயர் மாற்றம் 1995-இன் 236-ஆம் எண் சட்டத்தால் நேர்ந்தது, ஊதிய ஒப்பீடு 2004-இன் 63-ஆம் எண் சட்டப்படி. இடைவெளியின்றி என்ற சொல்லைப் போடுவதற்கு முன் எல்லா ஒப்பந்தத் தேதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிபார்த்துவிட வேண்டும். கல்வியாண்டு நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிவதாக எழுதப்பட்ட பழைய ஒப்பந்தங்களில், கையெழுத்திட்ட நாள் பல வாரம் தள்ளிப் போயிருப்பது உண்டு.